அப்புறம் சாரின் எதிர் சீட்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலை பாசஞ்சரில் எமனே ஏறினாலும், அவன் வீட்டுச் சமையல் வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்க விடுவார் ஒருவர். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. யார் எதைச் சொல்லி முடித்தாலும் "அப்புறம்?" என்பார். அதனால் பெட்டியே சேர்ந்து வைத்த பெயர், அப்புறம் சார். விழுப்புரத்தில் ஏதோ அலுவலகத்தில் கிளார்க்.

எத்தனை நெரிசலிலும் அவருடைய எதிர் சீட் மட்டும் காலியாக இருக்கும். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வருபவன்கூட அதில் உட்கார மாட்டான். ஒருநாள் விவரம் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அப்புறம் சார் அவர் முழங்காலைத் தட்டினார்.

"இன்னா பாட்டு சார்?"

"பாட்டு இல்லீங்க, ஆபீஸ் மீட்டிங்."

"மேனேஜர் திட்டிக்கினு இருக்காரா?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் அந்த மேனேஜரின் சர்க்கரை அளவு முதல் மச்சினனின் விவாகரத்து வரை பெட்டிக்கே தெரிந்துவிட்டது.

கால் சுளுக்கிக்கொண்ட ஒருநாள் நானும் அந்த சீட்டில் மாட்டினேன்.

"காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"இட்லி. மல்லாட்டைக் கடலை வறுத்து அரைச்ச சட்னி."

"யார் கைப்பக்குவம்?"

"எங்க வீட்டுல. அண்ணி கத்துக் குடுத்தது."

"அண்ணி எங்க இருக்காங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மனிதரின் ஆயுதமே அதுதான். கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பார். அந்தச் சும்மாவை அடுத்த ஸ்டேஷனான மயிலம் தாண்டித் தாங்கியவர் யாருமில்லை. நான் மயிலம் வரைகூடப் போகவில்லை, கொட்டிவிட்டேன்.

நான்கு வருடம் முன்பு எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் அண்ணன் பெயர் விட்டுப்போனது. மனைவி வழியில் மூன்று மைத்துனர்கள், அவர்கள் பிள்ளைகள், அதில் ஒரு கைக்குழந்தை உட்பட எல்லோரும் நல்வரவை விரும்பினார்கள். என் ஒரே அண்ணன் விரும்பவில்லை. அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தது நான்தான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்தப் பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயர் வருமா, வராதா? அந்த நினைப்பில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நீங்களே போய்ப் பேசலாமே?"

"அவர் பேசட்டும்."

"அண்ணன் இன்னா பண்றாரு?"

"விழுப்புரம் ஸ்டேஷன் எதிர்ல ஜெராக்ஸ் கடை."

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டார். "உங்க அண்ணன் கடைலதான் ஆபீஸ் ஜெராக்ஸ் எடுக்கிறேன். பல்லு புடுங்கிக்கினாரு. கஞ்சிதான் குடிக்கிறாரு."

"உங்களை யார் கேட்டா? காலங்காத்தால பேஜாரு!" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் "வீக்கம் வத்திச்சா?" என்று கேட்டவனும் நான்தான்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு திங்கட்கிழமை கழுத்தில் மஃப்ளரும் கையில் நோட்டுமாக வந்தார். 'தொண்டையில் ஆபரேஷன். ஒரு மாசம் பேசக் கூடாது' என்று எழுதிக் காட்டினார்.

பெட்டி இரண்டு நாள் திருவிழா கொண்டாடியது. மூன்றாம் நாள் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஜன்னலை ஏற்றி இறக்கினார்கள். கடைசியில் அந்த ஹெட்போன்காரர் தானாகவே எதிர் சீட்டுக்கு வந்து, மச்சினன் கதையின் மிச்சத்தைச் சொன்னார். அப்புறம் சார் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். 'அப்புறம்?'

என் பாடு இன்னும் மோசம். "பத்திரிகை அச்சுக்குப் போச்சா சார்?" என்று கேட்டேன்.

'என்னால பேச முடியாது. உங்களால முடியும்' என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் விக்கிரவாண்டி வருவதற்குள் போனில் அண்ணன் பெயரை நான்கு தடவை எடுத்தேன், நான்கு தடவை போனை உள்ளே வைத்தேன். முண்டியம்பாக்கத்தில் போன் தானாக அடித்தது.

"டேய்."

"அண்ணா."

"நாலு நாளா உன் சேதி ஒண்ணும் வரலியேடா. அந்த மனுசனுக்கு வேற தொண்டை போச்சு. காலைல இன்னா சாப்ட்ட?"

என் இட்லியும் தோசையும் தினமும் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பது அப்போதுதான் புரிந்தது.

"கேப்பைக் கூழுண்ணா."

"அப்புறம்?"

"தப்பு என் பேர்லதான்ணா. ப்ரூஃப் பாத்தவன் நான்தான்."

"தெரியும்டா. எறங்கினதும் நேரா கடைக்கு வா. கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்துருக்கு. உன் பேரு மொதல்ல கீது. நீ மட்டும் பாக்காத, உங்க அண்ணி பாத்துக்குவா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே நோட்டு தயாராக உயர்ந்திருந்தது.

கல்யாணம் முடிந்தது. அப்புறம் சாருக்குக் குரலும் திரும்பிவிட்டது. நான் இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறேன். அந்த எதிர் சீட்டை வேறு யாராவது பிடித்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுதே விடியாது.