தும்பி தாங்குமா?

“இவரா?” என்றார் ஆரிஃப்.

“இவரேதான்,” என்றாள் ரேணுகா.

வள்ளியப்பன் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கால் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கால் வந்தது. அவர் முழுதாக வெளியே வந்து நின்றதும், அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த கார் அப்பாடா என்று நிமிர்ந்துகொண்டது.

“ரேணுகா, நம்ம தும்பியில மொத்தமே ரெண்டு சீட்டுத்தான். அதுல ஒண்ணுல நான் உக்காரணும். இல்லாட்டி யாரு ஓட்டுறது?”

“சத்தமாப் பேசாதீக கேப்டன். காதுல விழுந்தாச் சோலி முடிஞ்சிரும்.”

ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்றே கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று புதிதாகச் சந்தையில் இறக்கியிருந்த குட்டி ஹெலிகாப்டர்தான் தும்பி. பழகுகிறவர் ஒருவர், பழக்குகிறவர் ஒருவர், அவ்வளவுதான் இடம். தென்மாவட்டங்கள் முழுக்க அதை விற்கும் பொறுப்பு ரேணுகாவின் தலையில் இருந்தது. சிங்கம்புணரிப் பெண். டிராக்டர் கம்பெனியில் டிராக்டராக விற்றுத் தள்ளியவள். அந்தத் தைரியத்தில் இந்த வேலைக்கு வந்தாள். ஆனால் ஹெலிகாப்டரைப் பார்த்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், குழந்தையை உள்ளே உட்காரவைத்து இறக்கினார்கள், “ரொம்ப நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. இந்தத் தடவையும் விற்காவிட்டால் மதுரை ஆபீஸை மூடிவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது.

இந்த நேரத்தில்தான் வள்ளியப்பன் கிடைத்தார். ஒக்கூர்ப் பக்கம் பாலிடெக்னிக் நடத்துகிறவர். அங்கேயே ஒரு ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்போவதாக ஓர் அறுபதாம் கல்யாணப் பந்தியில் வாயை விட்டிருந்தார். அதோடு நிறுத்தாமல், “மொதல்ல நானே ஏறிப் பறந்து பாத்துட்டுத்தான் வாங்குவேன்” என்றும் சொல்லிவைத்தார். பங்காளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று கல்லூரி மைதானத்தில் பந்தல், நாற்காலி, வீடியோக்காரர், ‘வானம் ஏறும் வள்ளலே வருக’ என்று பேனர் எல்லாம் தயார்.

ரேணுகா ஓடிப்போய்க் கும்பிட்டாள்.

“வாங்க ஐயா. எல்லாம் ரெடி. ஒரே ஒரு சின்ன விஷயம். இந்த மெஷினுக்கு எடைக் கணக்கு ஒண்ணு உண்டு. பக்கத்து சீட்டுல உக்காருறவங்க தொண்ணூத்தஞ்சு கிலோ வரைக்கும் இருக்கலாம்.”

வள்ளியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

“அதுக்கு மேல இருந்தா?” என்றார். குரல் நடுங்கியது. “அதுக்கு மேல இருந்தா ஏத்த மாட்டீகளா?”

மனிதர் மனம் உடைந்துவிட்டார் என்று ரேணுகாவுக்குப் பதறியது.

“ஐயையோ, வருத்தப்படாதீக ஐயா. உங்களை ஏத்தாம வேற யாரை ஏத்தப்போறோம்? கதவு ரெண்டையும் கழட்டிட்டாப் பத்துக் கிலோ குறைஞ்சிரும்.”

“கதவைக் கழட்டிட்டா, கதவு இருந்த எடத்துல என்னம்மா இருக்கும்?”

“காத்துதான் ஐயா. சும்மா ஜில்லுன்னு இருக்கும்!”

வள்ளியப்பன் துண்டால் நெற்றியைத் துடைத்தார். ரேணுகா அடுத்த சலுகையையும் எடுத்துவிட்டாள்.

“பெட்ரோலையும் குறைச்சிரலாம். போயிட்டு வர்றதுக்கு மட்டும் வச்சுக்கிட்டாப் போதும்.”

“வர்றதுக்கும் வச்சுக்குவீகள்ல?”

“வச்சுக்குவோம் ஐயா.”

“ஒனக்கு ஏந்தாயி இம்புட்டுச் சிரமம்? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

எவ்வளவு பெரிய மனசு என்று ரேணுகா உருகிப்போனாள். இவரைப் பறக்கவைக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

ஆரிஃப் கணக்குப் போட்டுப் பார்த்தார். கதவு இல்லை, பெட்ரோல் குறைவு, அவரும் நேற்றிலிருந்து ரேணுகா சொன்னபடி வயிற்றைக் காயப்போட்டிருந்தார். “நூத்திப்பத்து வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஒரு கிலோன்னாலும் நான் ஏத்த மாட்டேன். யாரு சொன்னாலும் சரி,” என்றார்.

“அவரு நூத்திப்பத்துக்குள்ளதான் இருப்பாரு.”

“பாத்தா அப்படித் தெரியலையே.”

“பாத்துச் சொல்லாதீக. நிறுத்துச் சொல்லுவோம்.”

ஆனால் பத்து ஊருக்குப் பெரிய மனிதரை, அத்தனை பங்காளிகள் முன்னால், எப்படித் தராசில் ஏறச் சொல்வது? ரேணுகா தலையைச் சொறிந்தாள். அப்போது வள்ளியப்பனின் டிரைவர் கருத்தையா அந்தப் பக்கமாக வந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, பக்கத்துல அரிசி மில்லு இருக்குல்ல? அங்கேருந்து மூட்டை நிறுக்கிற தராசைக் கொண்டாந்து இங்குட்டுப் போடணும். மேல செவப்பு விரிப்பு போட்டு, ‘போட்டோ எடுக்கணும், நில்லுங்க’ன்னு ஐயாவை நிப்பாட்டிருவோம். அவருக்குத் தெரியவே கூடாது.”

“எங்கிட்டச் சொல்லிட்டீகள்ல, விடுங்க,” என்றார் கருத்தையா. நேராக வள்ளியப்பன் நின்ற பக்கம் போய், காதில் ஏதோ சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். ஓட்டுநர் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போவது நியாயம்தானே என்று ரேணுகா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குள் காலைப் பலகாரத்துக்கு அழைப்பு வந்தது. கல்லூரி விருந்தினர் அறையில் இலை போட்டிருந்தார்கள். வள்ளியப்பனின் மனைவி சிகப்பி ஆச்சி தானே நின்று பரிமாறினார். ஒல்லியான உருவம். அதிகம் பேசாதவர். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி என்று ஒவ்வொன்றாக வந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாம் ஆச்சி,” என்றார் ஆரிஃப், கந்தரப்பத்தைக் கண்ணீர் மல்கப் பார்த்தபடி.

வள்ளியப்பன் விடவில்லை. “அது எப்புடி? நம்ம வீட்டு எலையில உக்காந்துட்டு வெறும் வயித்தோட எந்திரிக்கிறதா? சிகப்பி, பைலட் தம்பிக்கு இன்னும் நாலு வையி.”

“ஐயா, எடை,” என்று மெல்ல இழுத்தாள் ரேணுகா.

“எடை கூடுனாக் கூடிட்டுப் போகுது, விருந்துதான் முக்கியம். எனக்கும் நாலு வையி!”

ஆரிஃப் முதல் பணியாரத்தைக் கடமைக்காகத் தின்றார். இரண்டாவதை மரியாதைக்காகத் தின்றார். அதற்குப் பிறகு தின்றதற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை. மிளகாய்த் துவையல் கிண்ணம் காலியானபோது ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் வள்ளியப்பன், “போட்டோவுக்கு நல்ல சட்டையா மாத்திக்கிட்டு வாரேன்” என்று கருத்தையாவுடன் உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். வந்தபோது முழங்கால் வரை தொங்கும் பட்டு ஜிப்பாவில் இருந்தார். மணமேடைக்கு வரும் பெண்ணைப் போல அடி மேல் அடி வைத்து, அவ்வளவு நிதானமாக நடந்து வந்தார். பாவம், எவ்வளவு ஆசையாகக் கிளம்பி வருகிறார் என்று ரேணுகா நினைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் தராசு தயாராக இருந்தது. மேலே சிவப்பு விரிப்பு. எண் காட்டும் பெட்டி பேனருக்குப் பின்னால். அதன் முன்னால், மில்லில் மூட்டை நிறுக்கும் மாயக்கண்ணன் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, எண்ணைப் பாத்துட்டு எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொல்லணும்,” என்று ரேணுகா படித்துப் படித்துச் சொன்னாள்.

“சரி தாயி.”

“ஐயா, விரிப்பு மேல வந்து நில்லுங்க. ஒரு போட்டோ!”

“நான் மட்டுமா? நல்லாவா இருக்கும்? ஏப்பா, எல்லாரும் வாங்க!” என்று வள்ளியப்பன் கையை வீசினார். பங்காளிகள் திபுதிபுவென்று விரிப்பில் ஏறினார்கள். பேனருக்குப் பின்னாலிருந்து மாயக்கண்ணன் தலையை நீட்டி, “ஆறு குவிண்டாலைத் தாண்டிருச்சு தாயி” என்று கிசுகிசுத்தார்.

ரேணுகா ஒவ்வொருவராகக் கெஞ்சி இறக்கினாள். “சித்தப்பா, வெயில் படுது, அங்குட்டு வாங்க.” “மாமா, உங்களைத் தனியா எடுக்கணும்.” கடைசியில் வள்ளியப்பன் மட்டும் நின்றார். வீடியோக்காரர் குனிந்தார்.

மாயக்கண்ணன் பெட்டியைப் பார்த்தார். வருஷக்கணக்கான பழக்கம். கை தானாகக் காதுக்குப் போனது. லாரிக்காரருக்குக் கேட்கிற மாதிரிக் குரல் கிளம்பியது.

“நூத்தி இருவத்தி நாலூ! சாக்குக் கழிச்சு நூத்தி இருவத்தி மூணூ!”

பந்தலில் யாரோ ஒருவருக்குப் புரையேறியது.

ஆரிஃப் ரேணுகாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முடியாது. வள்ளியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. இத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரை அழவைத்துவிட்டோமே என்று ரேணுகா தவித்துப்போனாள். மதுரை ஆபீஸுக்குப் பூட்டுப் போடும் சத்தம் அங்கேயே கேட்டது.

“ஐயா, மன்னிச்சிருங்க ஐயா…”

“நீ என்ன தாயி செய்வ?” துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மெஷினுன்னா ஒரு சட்டதிட்டம் இருக்கும்ல? அதை நாம மதிக்கணும். பங்காளிகளா, கேட்டுக்கங்க! நான் என்னமோ ஏறத் தயாராத்தான் வந்தேன். தராசு விடலை.”

“அப்ப நான் ஏறட்டா?”

எல்லாரும் திரும்பினார்கள். சிகப்பி ஆச்சி பரிமாறிய கையை முந்தானையில் துடைத்தபடி நின்றிருந்தார்.

“நீயா?” என்றார் வள்ளியப்பன். துண்டு கீழே விழுந்தது.

“ஏன், ஒரு சீட்டுச் சும்மாத்தானே கெடக்கு?”

ஆரிஃப் தின்ற கந்தரப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். ஆச்சிக்குக் கதவையே திரும்ப மாட்டலாம், பெட்ரோலும் ஊற்றலாம். “கதவு வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்,” என்றார் ஆச்சி. சேலையை இழுத்துச் செருகி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தும்பி மண்ணை வாரி இறைத்தபடி எழும்பியது. பேனர் கிழிந்து பறந்தது. வள்ளியப்பன் இரண்டு கையாலும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தும்பி திரும்பித் தரையைத் தொடும் வரை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இறங்கிய ஆச்சியின் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் பறந்தது. முகம் மட்டும் அப்படி மின்னியது.

“காளையார்கோவில் கோபுரத்தை மேலேருந்து பாத்தேங்க! அப்புடியே நின்னு பாக்கலாமுங்க இதுல. கொஞ்ச நேரம் ஓட்டுற கம்பியை எங் கையிலயும் குடுத்துச்சு அந்தத் தம்பி.” மூச்சு வாங்கினார். “இஸ்கூலு ஆரம்பிங்க. மொத அட்மிசன் எனக்கு.”

வள்ளியப்பன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ரேணுகாவிடம் திரும்பி, “மூணு எழுதிக்க தாயி,” என்றார். சொல்லிவிட்டு, வந்ததைவிட நிதானமாக அடி எடுத்துவைத்து அறைக்குள் போய்விட்டார்.

ரேணுகா கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். மேலாளர் நம்பவில்லை. ஆரிஃபைப் பேசவைத்ததும் நம்பினார். சந்தோஷத்தில் அவளே விரிப்பைச் சுருட்டினாள், தராசை வண்டியில் ஏற்ற மாயக்கண்ணனுக்குக் கைகொடுத்தாள். ஆனாலும் அந்த ஒரு விஷயம் மட்டும் மனதில் முள்ளாக உறுத்தியது.

“இருந்தாலும் நீங்க அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுண்ணே. ஐயா எவ்வளவு ஆசையா வந்தாரு. அவரை அழவச்சுட்டோமே.”

மாயக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கருத்தையா ஒரு மஞ்சள் பையை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, தொப்பென்று வண்டியில் வைத்தார்.

“இந்தாங்கண்ணே, உங்க மில்லு அஞ்சு கிலோ எடைக்கல்லு நாலும் சரியா இருக்கு. இப்பத்தான் ஐயா இடுப்புலேருந்து அவுத்தோம், ஆச்சி காதுல மட்டும் போட்டுறாதீக!”