ராஜா நண்டுக்கு ஒரு கால் பாக்கி

மனிதகுலம் தீயைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் கம்பெனியின் பூட்டைக் கண்டுபிடித்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சம்பளம் வாங்குவதால் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி வீடியோ கேம் பெட்டிகள் செய்கிறது. நான் அதன் 'உடைமைத் தெளிவுப் பிரிவின்' துணை மேலாளர். காசு கொடுத்துப் பெட்டியை வாங்கி, டி.வி.க்குக் கீழே வைத்து, தினமும் தூசி துடைக்கிறவர்கள் நாளடைவில் அது தங்களுடையது என்றே நினைத்துவிடுகிறார்கள். அந்த மயக்கத்தைத் தெளியவைப்பதே எங்கள் பணி.

மயக்கம் முற்றிய சிலர் எமுலேட்டர் என்ற ஒன்றைப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். அது புதிய பெட்டியைப் பழைய பெட்டிபோல நடிக்கவைக்கும். கடையில் இப்போது கிடைக்காத பழைய கேம்களெல்லாம் அதில் ஓடும். நாங்கள் விற்காத சந்தோஷத்தை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அனுபவித்தால் எந்தக் கம்பெனிக்குப் பொறுக்கும்? எல்லாப் பெட்டிகளுக்கும் இணையம் வழியே பூட்டை அனுப்பினோம். கருணையுள்ள பூட்டு. குற்றம் உறுதியாகட்டும் என்று கொஞ்ச நேரம் ஆடவிடும். பிறகுதான் பெட்டியை முடக்கி, "உங்கள் நலன் கருதி இப்பெட்டி ஓய்வெடுக்கிறது" என்று திரையில் எழுதும்.

மறுநாள் என் சித்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓடுவதெல்லாம் 'நண்டு வேட்டை' என்ற பழைய கேமில்தான். தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்த பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

"ராஜா நண்டுக்கு ஒரு கால்தான்டா பாக்கி. மத்த காலெல்லாம் எடுத்துட்டேன். இத்தனை வருஷத்துல அவனை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே இப்பத்தான். அந்த நேரம் பார்த்து ஓய்வெடுக்குதாம், ஓய்வு!"

"அது உங்க நல்லதுக்குத்தான் சித்தி..."

"என் நல்லது எனக்குத் தெரியும். பெட்டியும் நான் வாங்கினது, அந்தக் காலத்துக் கேசட்டும் நான் வாங்கினது. அதிலேருந்து இதுல ஏத்திக்கிட்டேன். உனக்கு எங்கே வலிக்குது?"

"பெட்டி உங்களோடதுதான் சித்தி. அதுல எது ஓடணும்கிறதுதான் எங்களோடது."

"பல்லு உங்களுது, மெல்றது மட்டும் எங்க இஷ்டம்னு எங்க டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லடா."

நல்லவேளை, இயக்குநர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். சித்தியை வெளியே உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

இயக்குநர் 'மரபு விழா'வை அறிவித்தார். கம்பெனியின் முதல் கேமான 'நண்டு வேட்டை'யை அவரே மேடையில் ஆடிக்காட்டி, மறுபடியும் விற்பனைக்கு விடப்போகிறாராம்.

"அசல் எங்கே?" என்றார்.

பொறியாளர் கையை விரித்தார். "இல்ல சார். பழசு இருந்தா புதுசு விக்காதுன்னு நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க."

"யார்கிட்டயுமே இல்லையா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என் சித்திகிட்ட இருக்கு சார். வெளியதான் உட்கார்ந்திருக்காங்க."

அந்த நொடியில் குற்றவாளி 'மரபுக் காவலர்' ஆனார். சித்தியை உள்ளே வரவழைத்து, இயக்குநரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பெட்டியில் இருக்கும் மெமரி கார்டைக் கொடுத்தால் போதும், விழா முடிந்த கையோடு பெட்டியைத் திறந்து தருவோம் என்றார்.

"சத்தியமா?"

"கம்பெனி வாக்கும்மா!"

சித்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் வேலையில் பாதி அதுதான்.

பொறியாளர் கார்டில் இருந்ததை எமுலேட்டரோடு அப்படியே மேடைப் பெட்டியில் ஏற்றினார். "சார், இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பூட்டுலேருந்து விலக்கு குடுத்துடலாமா?"

"விலக்குங்கிற பேச்சே நம்ம கம்பெனியில கிடையாது!" என்றார் இயக்குநர். சொன்னது பிடித்துப்போய், அதை மேடைப் பேச்சிலும் சேர்த்துக்கொண்டார்.

விழாவன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. "இது எங்கள் அசல்! எங்கள் மரபு!" என்று இயக்குநர் முழங்கிவிட்டுப் பெட்டியை இயக்கினார். பெரிய திரையில், கொட்டை எழுத்தில், "மீண்டும் வருக, பல்லழகி!" என்று வந்தது. பல்லழகி என்பது ஆஸ்பத்திரியில் சித்திக்கு இருந்த பட்டப்பெயர். இயக்குநரோ தன்னைத்தான் சொல்கிறது என்று நினைத்து, முப்பத்திரண்டையும் காட்டினார். அரங்கம் கைதட்டியது. கொஞ்ச நேரம் ஆடியபின் ராஜா நண்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் இருந்த சித்தி முட்டியையும் மறந்து துள்ளி எழுந்தார். "தொடாதே! அது என் நண்டு!"

இயக்குநர் பொத்தானை நோக்கி விரலை ஓங்கினார். திரை இருண்டது. "உங்கள் நலன் கருதி இப்பெட்டி ஓய்வெடுக்கிறது."

"திறய்யா அதை!" என்று அவர் கத்தியது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"முடியாது சார்," என்றார் பொறியாளர். "நாமளே நினைச்சாலும் திறக்க முடியாதபடி செய்யணும்னு சொன்னீங்க. அப்படியே செஞ்சுட்டோம்."

"அப்ப என் பெட்டியைத் திறந்து தர்றேன்னு சொன்னது?" என்று சித்தி கேட்டார். கேட்டது இயக்குநரை; பார்த்தது என்னை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நிருபர் எழுந்தார். "உங்க பூட்டுல ஏதோ கோளாறுன்னு எழுதிக்கலாமா சார்?"

கம்பெனியின் மானம் காற்றில் பறக்கலாமா? இயக்குநர் கையிலிருந்த மைக்கை நான் வாங்கினேன்.

"தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. பூட்டுல ஒரு கோளாறும் இல்ல. அடுத்தவங்க பொருளை எடுத்து வெச்சுக்கிட்டுத் தன்னோடதுன்னு சொல்றவங்களைப் பிடிக்கத்தான் அதைச் செஞ்சோம். பிடிச்சிருச்சு."