சூரியனைச் சமாதானம் செய்தவர்

அந்தத் தெருமேல் சூரியனுக்குக் கோபமாம். வெயில் என்னவோ மண்டையைப் பிளந்தது. கூரைகளில் இருந்த சோலார் பேனல்களுக்கு மட்டும் சக்தி கொடுக்க மாட்டேன் என்கிறாராம்! ரிப்பன் வெட்டி அவற்றை மாட்டிவிட்டுப் போனவர்கள் ஓராண்டாக எட்டிப் பார்க்கவில்லை. மின்விசிறிகள் முனகின.

அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார் கதிர்மகான். மஞ்சள் அங்கி, கறுப்புக் கண்ணாடி.

"ஓசியில வெளிச்சம் எடுத்தா அவருக்குக் கோபம் வராதா? நான் பேசிப் பாக்குறேன்."

கூரையில் ஏறுவார். வானத்தைப் பார்த்து முணுமுணுப்பார். அருள்நீர் தெளித்து, வெள்ளைப் பட்டுத்துணியால் பேனலைத் தடவிக் கொடுப்பார். கீழே மின்விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றும். கூட்டம் தெருமுனை தாண்டி நின்றது. பட்டம் வாங்கியவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள்.

தையல்காரம்மாவின் மோட்டார் மிஷினும் படுத்துவிட்டது. பள்ளிச் சீருடைகள் மலைபோல் கிடந்தன.

"கம்மலைக் கழட்டி மகானுக்குக் குடு. வேற வழியில்ல" என்றார் கணவர்.

"இருங்க, அவசரப்படாதீங்க."

பக்கத்து வீட்டில் அருள் வழங்கிவிட்டு மகான் இறங்கியபோது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவள் துணியைப் பார்த்தாள். தொழில் புத்தி! வெண்பட்டு கரித்துணியாகியிருந்தது.

"சாமி, எங்க கூரையில ரெண்டு பேனல். இடது பக்கத்துக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. தண்ணி, துணி எதுவும் வேணாம். வலது பக்கத்த நான் பாத்துக்கறேன்."

ஊரே பார்க்கிறது, எப்படி மறுப்பது? மகான் ஏறினார். அரைமணி நேரம் முணுமுணுத்தார். கூட்டத்தில் இருந்த ரேடியோ மெக்கானிக் ஏறி அந்தப் பேனலில் மீட்டரை மாட்டினார். முள் அசையவே யோசித்தது.

"கோபம் ரொம்ப அதிகம்" என்றார் மகான், வியர்வையைத் துடைத்தபடி.

தையல்காரம்மா வாளியில் குழாய்த்தண்ணீர், பழைய பாவாடைத் துணியோடு ஏறினாள். "மந்திரம் வேணும்ல?" என்று சொல்லித் தேய்க்கத் தொடங்கினாள். "தோள் பதினாலு... கை எட்டு... இடுப்பு இருபத்தெட்டு..."

மீட்டரை மாற்றி மாட்டினார்கள். முள் துள்ளியது.

"அட, வெறும் தூசியாய்யா!" என்றார் மெக்கானிக்.

மகான் ஏணியைத் தேடினார். அது கூட்டத்தின் கையில் இருந்தது. வாங்கிய காணிக்கை எல்லாம் மேலிருந்து கீழே வந்தது. பிறகுதான் மகான் வந்தார்.

மறுநாள் எல்லாக் கூரைகளிலும் வாளிகள். தையல்காரம்மா நிம்மதியாக மிஷினில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக் கூரையிலிருந்து உருக்கமாக ஒரு குரல் வந்தது.

"தோள் பதினாலு... கை எட்டு..."

அவள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"அண்ணே, அது ஆறாம் வகுப்புப் புள்ளையோட சட்டை அளவு! பேனலத் துடைச்சது போதும். அந்தத் துணிய அலசிட்டு, உங்க மூளையையும் ஒரு தடவை துடைங்க!"