புகையில்லாத போத்தல்

கல்லுமலைத் தோட்டம்,
தெமோதரை.
24.11.1979

அன்புள்ள தம்பி மருதமுத்துவுக்கு,

அக்கா ஜெயலெட்சுமி எழுதுவது. நீயும் உன் கப்பலும் பழுதில்லாமல் இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டுகிறேன். கப்பல் பழுதாகித்தான் டப்ளினில் நிற்கிறது என்று நீ எழுதியிருப்பதால் வேண்டுதலில் பாதி பிந்திவிட்டது. மீதியை உன் பெயரில் வைத்துக்கொள். இங்கே அத்தான் சுகம், நான் சுகம், பள்ளிக்கூடத்துக் கூரை மட்டும் சுகமில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு வயிற்றெரிச்சல். அதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கிடையாது. நீ கொண்டுவரப்போகும் போத்தல்தான் மருந்து.

பொங்கலுக்கு வருவதாகவும், அத்தானுக்கு ஒரு அயர்லாந்து விஸ்கி வாங்கக் கடைக்குப் போனால் அங்கே முப்பது வகை இருப்பதாகவும், அதில் மூன்றைப் பொறுக்கி வைத்திருப்பதாகவும், "எதை வாங்கட்டும் அக்கா?" என்றும் கேட்டிருந்தாய். அத்தான் மதுவைத் தொடமாட்டார் என்பது உனக்கும் தெரியும். அப்படியிருந்தும் "அதெல்லாம் எதற்கு, ஒரு கம்பளிச் சட்டை போதும்" என்று நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை முதலிலிருந்து சொல்லவேண்டும். பொறுமையாகப் படி.

எதிர் வீட்டுப் பெரிய கிளாக்கர் இராமையாவையும் அவர் மனைவியையும் உனக்குத் தெரியும். பிறப்புப் பதிவில் அவள் பெயர் இராக்கம்மா. வாசலில் மாட்டிய பலகையில் ராகினி. நான் இராக்கம்மா என்றுதான் கூப்பிடுகிறேன், கொஞ்சம் உரக்கவே. அபுதாபியில் இருக்கும் அவள் தம்பி சித்திரையில் ஒரு ஸ்கொட்லாந்து விஸ்கிப் போத்தல் அனுப்பினான். அன்று தொடங்கியது. "டீச்சரம்மா, சும்மா வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள். எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அது ஷோகேஸைப் பார்த்தபடி இருக்கும். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, முந்தானையால் போத்தலைத் துடைத்து, "இது குடிக்கிறதுக்கில்லீங்க, பார்வைக்கு" என்பாள். எங்கள் வீட்டிலும் ஷோகேஸ் உண்டு, பதுளையில் மர்ஸூக் நானாவின் கடையில் வாங்கியது, அவளுடையதைவிட ஒரு தட்டு அதிகம். ஆனால் அதில் இருப்பது பிள்ளைகள் கொடுத்த பீங்கான் வாத்து ஒன்றும் நீ துறைமுகம் துறைமுகமாக அனுப்பிய படத் தபால்களும்தான். சுவரில் என் பி.ஏ. சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பதினெட்டு வருஷமாக அதை யாரும் துடைத்துக் காட்டச் சொன்னதில்லை.

இன்னும் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை போகும்போதும் போத்தலில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறைந்திருந்தால் அவள் புருஷன் குடிகாரர் என்றாவது மனதுக்குள் வைத்துக்கொள்ளலாமே! ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதில் எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு நாள் அவள் காப்பி கொண்டுவர உள்ளே போன நேரத்தில் பள்ளிக்கூடத்து அடிக்கோலைக் கைப்பையிலிருந்து எடுத்துப் போத்தலின் உயரத்தை அளந்தேன். பதினொரு அங்குலம். பேராதனையில் மூன்று வருஷம் தத்துவம் படித்த கை அது.

இதற்கிடையில் புரட்டாசியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் தேயிலையில் புகை வாடை அடிக்கிறதாம், ஏலத்தில் யாரும் விலை கேட்கவில்லையாம். டீமேக்கரான அத்தான் வீட்டில் வளர்ந்த உனக்கு விளக்கத் தேவையில்லை, கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பில் ஓட்டை விழுந்தால் வரும் கெட்ட பெயர் அது. தோட்டத்துத் தொரை அத்தானைக் கூப்பிட்டு, ஜனவரி முடிவதற்குள் புகை நிற்காவிட்டால் லுணுகலைக்கு அப்பால் ஒரு சின்னத் தோட்டத்துக்கு உதவி டீமேக்கராக மாற்றுவேன் என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் வேலை செய்த மனுஷர். தேயிலை காயும் ஸ்டோரில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தினமும் ஆறு கோப்பை சுவைத்துப் பார்க்கிறார். "புகையே இல்ல ஜெயா. என் நாக்கு பொய் சொல்லாது" என்கிறார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார்.

தீபாவளிக்கு ஸ்டோர் இரண்டு நாள் மூடியிருந்தது. இராமையா எல்லா உத்தியோகத்தர்களையும் வீட்டுக்கு அழைத்து, ஷோகேஸைத் திறந்து, போத்தலைக் கோயில் விக்கிரகம் மாதிரி இரண்டு கையாலும் எடுத்தார். இராக்கம்மா "வேணாங்க, இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று நாலு தடவை சொன்னாள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு விரல்கடை ஊற்றினார். டிஸ்பென்சர் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி, "நெஞ்சு வரைக்கும் எரியுது. அசல்னா இதான்!" என்றார். சின்னக் கிளாக்கர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இராமையா அத்தானிடம், "நீங்க குடிக்க வேணாங்க டீமேக்கரய்யா. நாக்குக்காரர், ஒரு மதிப்பு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அத்தானுக்குத் தெரிந்தது ஒரே முறை. ஒரு கரண்டி கேட்டு வாங்கி, தேயிலைக்குச் செய்வது போலவே 'உர்ர்ர்' என்று வீடு அதிர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்ப இடம் தேடி, இராக்கம்மாவின் குரோட்டன் சட்டிக்குள் துப்பினார். எல்லாரும் காத்திருந்தார்கள். "நெறம் குத்தமில்ல. கொஞ்சம் துவர்ப்பு. ஆனா புகை அடிக்குதுங்க. காயவச்ச அடுப்புல எங்கயோ ஓட்டை" என்றார்.

"ஸ்கொட்லாந்துலயுமா ஓட்ட அடுப்பு?" என்று இராமையா கேட்க, சபை சிரித்தது. இராக்கம்மாவின் முகம் வாடப்போட்ட கொழுந்து மாதிரி ஆகிவிட்டது. அவமானம் என்று நினைத்தேன். தம்பி, உன்னிடம் என்ன மறைப்பது, அந்தத் தீபாவளியில் நான் சாப்பிட்ட முறுக்குக்கு இருந்த ருசி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த ருசி ஒரு வாரம்தான். இராமையா ஒபிசில் தொரையிடம், "நம்ம டீமேக்கர் ஸ்கொட்லாந்து விஸ்கியில புகையைக் கண்டுபிடிச்சிட்டார் சேர், நம்ம தேயிலையிலதான் கண்டுபிடிக்க முடியல" என்று சொல்லியிருக்கிறார். தொரை சிரித்தாராம். அதைக் கேட்டதிலிருந்து அத்தான் ஒபிஸ் பக்கம் போவதில்லை.

அப்போதுதான் உன் கடிதம். டப்ளின் கடைக்காரர் உனக்குச் சொன்னதாக எழுதியிருந்தாயே, ஸ்கொட்லாந்தில் சில விஸ்கிகளுக்கு வாற்கோதுமையைப் புகையில் காயவைப்பார்கள், அதனால் புகை மணம் வரும், அயர்லாந்தில் பெரும்பாலும் புகை படாமல் காயவைத்து மூன்று முறை வடிப்பார்கள் என்று? அந்த வரியை அத்தானுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். முதல் முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாம் முறை, "அப்ப என் நாக்கு சரிதானே?" என்று கேட்டார். நான் சோற்றுத் தட்டை அவர் முன்னால் தள்ளி வைத்தேன்.

ஆகவே என் திட்டம் இது. பொங்கலன்று பகல் சாப்பாட்டுக்குத் தொரையை அழைக்கிறேன். உன் போத்தலையும் இராக்கம்மாவின் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொரையே இரண்டையும் சுவைத்துப் பார்க்கட்டும். ஒன்றில் புகை, ஒன்றில் இல்லை. புகை தெரிந்த நாக்கு யாருடையது, கொழும்புக் கடிதம் யாருடைய பிசகு என்று அவரே புரிந்துகொள்வார்.

எனவே தேர்வில் கவனம். நீ எழுதிய மூன்றில் கல் ஜாடி வேண்டாம், உள்ளே இருப்பது நல்லெண்ணெய் என்று இராக்கம்மா சொல்லிவிடுவாள். குட்டையான, தோள் அகன்ற போத்தல் வேண்டாம், பக்கத்தில் வைத்தால் அவளுடையதற்குத் தம்பி மாதிரி நிற்கும். நெட்டையானதை வாங்கு. அடிக்கோல் கொண்டு போ. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் வேண்டாம். புகை அறவே கிடையாது என்று கடைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள். போத்தலில் ஒட்டிய சீட்டில் தங்க எழுத்து இருந்தால் நல்லது. ஒரே ஒரு போத்தல் போதும். இரண்டு கொண்டுவந்தால் ஒன்றை யாருக்காவது கொடுக்க வேண்டிவரும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில் இன்னொருத்தியின் போத்தலை அளக்கிறவளா நான் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இராக்கம்மாதான் காரணமா என்று யோசித்தேன். இல்லை. உன் படத் தபால்கள் ஒவ்வொன்றாக வரும்போதும் அதே எரிச்சல்தான். நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். நீ பூகோளத்துக்குள் நிற்கிறாய். உன்னைப் படிக்க வைத்தது நான்தான் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கவும் மனம் வரவில்லை. இருக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். முருகன் துணையாக, ஒரு கீறலும் இல்லாமல் நீ வீடு வந்து சேர வேண்டும், போத்தலும் அப்படியே. அத்தான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு உன் அக்கா,
ஜெயலெட்சுமி

பி.கு. (29.11.1979): முத்திரை இல்லாமல் கடிதம் ஐந்து நாள் கிடந்தது. நல்லதாகப் போயிற்று.

நேற்றுப் பின்னேரம் இராக்கம்மா குசினிப் பக்கமாக வந்தாள். முந்தானைக்குள் அந்தப் போத்தல், காலியாக. அழுது முகம் வீங்கியிருந்தது. தீபாவளி முடிந்த கையோடு இராமையா அபுதாபி மைத்துனருக்கு, "உன்னை எவனோ ஏமாத்திட்டான், சரக்குல புகை அடிக்குது" என்று எழுதியிருக்கிறார். அவன் ரோசப்பட்டு, இனி ஒரு சாமானும் அனுப்பமாட்டேன், தையில் உன் மகள் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று பதில் போட்டிருக்கிறான்.

"டீச்சரம்மா, அவன் மேல குத்தமில்லீங்க. அது விஸ்கியே இல்ல" என்றாள்.

"பின்னே?"

"தேத்தண்ணி."

நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன், என்னிடம் தேத்தண்ணி கேட்கிறாளாக்கும் என்று.

"ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து அந்த மனுசன் ஒரு மூடி, ரெண்டு மூடின்னு ஊத்திக் குடிச்சிருவாருங்க. நீங்க வந்தா மட்டம் பாப்பீங்களே! மானம் போயிருமேன்னு, கொறஞ்ச அளவுக்குத் தேத்தண்ணிய ஆறவச்சு ஊத்தி வச்சேன். ஆடியிலேருந்து அதுல முக்காவாசி தேத்தண்ணிதாங்க."

"கிளாக்கருக்குத் தெரியவில்லையா?"

"ஐப்பசியில அதைக் குடிச்சிட்டுப் பாட்டுப் பாடுனாருங்க." அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க அடிக்கோல் வச்சு அளந்தப்ப திரைக்குப் பின்னாலதான் நின்னேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை மறைக்க, "எந்தத் தேத்தண்ணி?" என்று கேட்டேன்.

"நம்ம ஸ்டோர்ல மாசாமாசம் குடுக்கிற தூள்தான். வேற எது?"

தம்பி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தானின் நாக்கு சரிதான். ஓட்டை அடுப்பு ஸ்கொட்லாந்தில் இல்லை, நம் ஸ்டோரில்! தினமும் அந்தப் புகைக்குள்ளேயே நிற்பவருக்கு அது தெரியவில்லை. இரண்டு நாள் விலகியிருந்து, இன்னொருவர் வீட்டில், இன்னொரு பெயரில் கொடுத்ததும் ஒரே உறிஞ்சில் பிடித்துவிட்டார்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் மகள் பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உனக்கு எழுதுவது சொல்வதில் சேராது, நீயும் வாய் திறக்காதே. சொல்லாவிட்டால் அத்தான் லுணுகலைக்கு. அவள் போனதும் நம் தூளில் தேத்தண்ணி ஊற்றி, ஆறவைத்து, அந்தக் காலிப் போத்தலில் நிரப்பினேன். இன்று காலை அத்தான் ஸ்டோருக்குப் புறப்படுமுன், "மீதி இவ்வளவுதானாம், இன்னொரு தடவை பாருங்க" என்று கரண்டியை நீட்டினேன். உறிஞ்சினார், துப்பினார். "அதே புகை!" என்றார். நான் கேத்தலைத் தூக்கிக் காட்டினேன். கேத்தலைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், ஒற்றைச் செருப்போடு ஸ்டோருக்கு ஓடினார். அடுப்புக் குழாயின் பின்பக்கம் விரல் நுழையும் வெடிப்பு. கரி படிந்து மறைத்திருந்ததாம். கொத்தனார் வந்துவிட்டார். தீபாவளிப் போத்தலைப் பற்றி அத்தான் இதுவரை கேட்கவில்லை. அவர் நினைப்பெல்லாம் குழாயில்தான்.

அபுதாபிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி அவள் கேட்டிருந்தாள். "சரக்கு அசல். எங்கள் டீமேக்கருக்கு அன்று ஜலதோஷம்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியில் என் பேனா இரண்டு முறை நின்றது. வாங்கிக்கொண்டு போனவளை, "ராகினி, கல்யாணப் பத்திரிகையையும் நானே எழுதித் தருகிறேன்" என்று கூப்பிட்டேன். பெயரைக் கேட்டதும் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. தொரைக்கு விருந்து இல்லை. புகை இருந்தாலும் பரவாயில்லை, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போத்தல் கை தவறி உடைந்துவிட்டது என்று அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் விட்டுப்போன அது இப்போது என் ஷோகேஸில், வாத்துக்குப் பின்னால். அவளுடையதில் அது நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று ஏழு மாதமாக நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு போத்தல் வாங்கி வா, ஒன்றை அவளுக்குக் கொடுப்போம்.

குட்டையானதை.