பட்டுக்கு உகந்த நீர்

தூய தமிழில் பேசுகிறவனிடம் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. விளங்கியது போலத் தலையசைத்துவிட்டு, விளங்கிய அளவுக்குச் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலம் முழுவதும் இதை நான் மரியாதை என்றே எண்ணியிருந்தேன். அது மரியாதை அன்று, களைப்பு என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு நீராவிப் பொறி. உணர்த்திய இடம் காஞ்சிபுரம் தொடர்வண்டி நிலையம். உடன் உணர்ந்தோர், ஊரில் ஏறத்தாழப் பாதிப்பேர்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது. நீராவிப் பொறிகள் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. என் மாமனார் அவற்றுக்கும் முன்பே ஓய்வு பெற்றிருந்தார். அரக்கோணத்தில் நீராவி வண்டி ஓட்டியவர். டீசல் வண்டியை அவர் ஒருநாளும் வண்டி என்று ஒப்புக்கொண்டதில்லை.

"அது இன்னா மாப்ள, பஸ்ஸ தூக்கி தண்டவாளத்துல வெச்ச மாரி. ஒரு மூச்சு வேணாம்? ஒரு கோவம் வேணாம்?" என்பார்.

(கோபத்துக்கு அவரிடமே போதிய இருப்பு இருந்தது. இருந்தும் வெளியிலிருந்து எதிர்பார்த்தார்.)

அக்காலத்தில் ஒரு பணிமனையில் பழைய நீராவிப் பொறி ஒன்றைச் செப்பனிட்டு, உயிரோடு வைத்திருந்தார்கள். ஆண்டுக்கொரு முறையேனும் அதை ஓட்டிக் காட்டத் தக்க பாதை ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. எந்தப் பாதை தேர்வாகிறதோ, அந்தப் பாதையில் பணிபுரிந்த பழைய ஓட்டுநர்களைப் பொறியின் மேல் ஏற்றி, சிறிது தொலைவு, ஆவியைத் திறந்துவிடும் கைப்பிடியைத் தொடவும் விடுவார்களாம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சி வழியாக அரக்கோணம் செல்லும் எங்கள் கிளைப்பாதையும் ஆய்வுப் பட்டியலில் இருந்தது.

மாமனார் அன்று உணவருந்தவில்லை.

"ஒரே ஒரு தபா ரெகுலேட்டர புடிச்சி இழுத்துட்டன்னா போதும் மாப்ள. அதுக்கப்புறம் எமனே வந்தாலும் பச்சக் கொடி காட்டி ஏத்திக்குவேன்."

"கவலற்க, மாமா. இப்பாதை தேர்வாவதற்கு யான் பொறுப்பு" என்றேன்.

 அவர் தம் மகளிடம், அதாவது என் துணைவி மங்கையிடம் திரும்பி, "இவுரு சொன்னது சரின்னா, இல்ல வேணாம்னா?" என்று கேட்டார்.

பழைய பொறி ஓடுவதற்குத் தண்டவாளம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். அப்படியன்று. மேலே மின்கம்பி இருத்தலாகாது. முன்னும் பின்னும் வேறு வண்டிகள் விரட்டிக்கொண்டு வரலாகாது. சென்ற இடத்தில் பொறியைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவதற்கு இணைப்பாதை வேண்டும். வழியில் சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் கடவுகள் மிகுந்திருந்தால் ஊரார் வசைபாடுவர். இவற்றையெல்லாம் நேரில் கண்டறிய, என் மொபெட்டின் பின்னிருக்கையில் மாமனாரை ஏற்றிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டிய மண்தடங்களில் வாலாசாபாத்து வரை சென்றுவந்தேன். வளைவு வரும்போதெல்லாம் அவர் வாயாலேயே ஊதல் எழுப்பினார். எதிரே வந்த எருமைகள் ஒதுங்கின.

ஏனாத்தூர்ப் பக்கத்துக் கடவு ஒன்றில் நான் இறங்கி நின்று, "இந்நிலப்பரப்பு எழில்மிக்கது. நம் நோக்கத்துக்கு முற்றிலும் உகந்தது" என்று உரக்கச் சொன்னேன். களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சிறிது நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம்.

"எந்த ஆபீசுபா நீங்க? எங்க நெலத்த எவ்ளோ எடுக்கப் போறீங்கோ?"

"அன்பர்களே, யாம் நிலம் கவர வந்தவர் அல்லேம்..."

"பாத்தியா, கவர்மெண்டு ஆளுதான். பேசுறதே நோட்டீசு மாரி இருக்குது."

"யோவ், கரி வண்டி வரப்போவுதுயா! பழய கரி வண்டி! அத்த வுட வழி பாக்க வந்தோம்!" என்று மாமனார் கத்திய பின்னரே அவர்கள் தெளிந்தார்கள். தெளிந்தவுடன் மோர் கொடுத்தார்கள். அவர்களுள் ஒரு முதியவர், கரி வண்டி போகும்போது கண்ணில் தூள் விழுந்து அழுத நாளை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தில் ஒரு பாடம் காத்திருந்தது. நான் மோரை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

ஆய்வுக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அம்மையார். சொற்சிக்கனம் உடையவர். பாதையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது. தண்ணீர்தான்" என்றார். நிலையத்தில் பொறிகளுக்கு நீர் வார்க்கும் பழைய தூண் நின்றது. அதில் நீர் வருவது நின்றிருந்தது. ஆழ்துளைக் கிணற்றில் உப்பு நீர். அது கொதிகலனுக்குள் கல்லாகப் படிந்துவிடுமாம். "ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். அன்றைக்கு நல்ல தண்ணீர் கிடைத்தால் இந்தப் பாதையையே எழுதி அனுப்புகிறேன். யார் ஏற்பாடு செய்வீர்கள்?"

"யான்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் நல்ல நீர் எது என்ற ஐயம் எழுந்தால், மருத்துவரிடம் போகமாட்டோம், சாயப்பட்டறைக்குப் போவோம். பட்டு நூல் மிகவும் நுண்மையானது. ஒரு கிணற்று நீரில் மயில்நிறம் பிடிக்கும், அடுத்த கிணற்று நீரில் திட்டுத் திட்டாகப் போய்விடும். ஆகவே எங்கள் ஊரில் ஒரு நீருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பட்டம், பட்டுக்கு ஆகும் என்பதே. பட்டுக்கே ஆகும் நீர் இரும்புக்கு ஆகாதா என்பது என் தருக்கம். அது இன்றளவும் எனக்குப் பிழையற்றதாகவே தோன்றுகிறது.

சாயப்பட்டறை ஏகாம்பரம் என் பழைய மாணவர். டிராக்டரில் பூட்டிய பெரிய நீர்த்தொட்டி வைத்திருந்தார். நான் போனபோது அடுப்பின்மேல் அண்டாவில் பட்டு நூல் வெந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"தொடர்வண்டி நிலையத்துக்கு வரவிருக்கும் நீராவிப் பொறிக்கு நீர் வேண்டும், ஏகாம்பரம்."

"தாராளமா எடுத்துக்குங்க சார். கெணத்துத் தண்ணி அப்டியே ஊத்திட்டா போதுங்களா?"

அந்த இடத்தில் ஆம் என்று ஓரெழுத்து ஈரெழுத்தில் முடித்திருக்கலாம். நான் ஆசிரியன்.

"அப்படியே ஊற்றற்க. பட்டுக்கு எங்ஙனம் பக்குவம் செய்து வார்ப்பீரோ, அங்ஙனமே இதற்கும் வார்க்க. பட்டை எத்துணைப் பேணுவீரோ, அத்துணைப் பேணுதல் வேண்டும்."

ஏகாம்பரம் ஒரு கணம் அண்டாவைப் பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் மறுகேள்வி கேட்டு, விடையாக ஒரு மணி நேரம் சொற்பொழிவு பெற்றவர் அவர்.

"சரிங்க சார்" என்றார்.

ஓட்டத்துக்கு முதல்நாள் மாலை, டீசல் வண்டி ஒன்று அந்தப் பொறியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. ஏகாம்பரத்தின் டிராக்டர் பின்தொடர்ந்து வந்தது. குழாய் வழியே நீர் இறங்கும்போது வெண்ணிறமாக நுரை எழும்பியது.

"நொரை வருதே மாப்ள" என்றார் மாமனார்.

"உயரத்திலிருந்து வீழும் நீர் நுரைத்தல் இயல்பு. அருவியைக் கண்டதில்லையா?"

அவர், கீழே சிந்தியிருந்த நீரில் விரல்களை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வழவழன்னு இருக்குதுபா! அரக்கோணத்துத் தண்ணி கைல பட்டாலே சொரசொரன்னும். இத்தினி வருச சர்வீசுல இப்டி ஒரு மெதுவான தண்ணி நான் பாத்ததில்ல!" என்றார். பொறியோடு வந்திருந்த ஓட்டுநரும் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்றார். (இந்த இரு சான்றுகளையும் பின்னாளில் குடும்பத்தார் முன்னிலையில் நான் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். எவரும் ஏற்கவில்லை.)

மறுநாள் நிலையத்தில் நிற்க இடமில்லை. பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நாகசுரம் முழங்கியது. வரவேற்புக் குழுவினராகிய நாங்கள் சலவைக்குப் போட்டு எடுத்த வெண்ணிற வேட்டியில் புகைபோக்கிக்கு நேர் அருகே நின்றோம். அந்த இடத்தைத் தெரிவு செய்தவனும் நானே. அதிகாரி அம்மையார் சற்றுத் தள்ளி, கையில் மடித்த குடையோடு நின்றார். மாமனார் பழைய நீலச் சட்டையை இறுக்கமாக மாட்டிக்கொண்டு பொறியின் மேல் ஏறியிருந்தார். நிலைய எல்லையைத் தாண்டியதும் கைப்பிடியை அவரிடம் தருவதாக ஓட்டுநர் வாக்களித்திருந்தார். மாமனார் மீசையை முறுக்கிவிட்டுக்கொள்வதைக் கீழிருந்தே கண்டேன்.

ஊதலை இழுத்தார்கள். காலையில் பல் துலக்கியவர் தொண்டையைக் கொப்பளிப்பது போன்ற ஓர் ஒலி எழுந்தது.

கூட்டம் கைதட்டியது. பழைய வண்டி, அப்படித்தான் கூவும் போலும் என்று நானும் தட்டினேன்.

பொறி அசைந்தது. புகைபோக்கியிலிருந்து வெண்மையாக ஏதோ பொங்கி எழுந்தது. ஆவி என்றால் மேலே போகும். இது சிறிது மேலே போய், யோசித்து, கீழே வந்தது. அடுத்த மூச்சில் இன்னும் மிகுதியாக வந்தது. புகைபோக்கியின் உட்புறக் கரியையெல்லாம் சேர்த்துக் குழைத்துக்கொண்டு, கருப்பும் வெள்ளையுமாக, உருண்டை உருண்டையாக எங்கள் தலைமேல் இறங்கியது. சக்கரங்களின் பக்கத்திலிருந்தும் நுரை இருபுறமும் பீறிட்டது. நாகசுரக்காரரின் கருவி வாயில் ஓர் உருண்டை நேராக இறங்கியது. அவர் இராகத்தை மாற்றாமல் வாசித்தார்.

"சவுக்கார வாசன அடிக்குதுபா!" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னார்.

அதிகாரி அம்மையார் குடையை விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது வழக்கமாக வருவதா?" என்று கேட்டார்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏகாம்பரம் வந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"பாத்தீங்களா சார், எவ்ளோ கருப்பா வருது! அத்தினி வருசத்து அழுக்கு சார். நல்லா வெளுத்துடும்."

"ஏகாம்பரம், அந்த நீரில் என்ன சேர்த்தீர்?"

"பட்டுக்குச் சேக்கிறதுதான் சார். நூலுமேல இருக்கற கோந்து போறதுக்கு சவுக்காரமும் சோடாவும். நீங்கதான சார் சொன்னீங்க? பெரிய வண்டியாச்சேன்னு கொஞ்சம் கூடவே போட்டேன்."

"பொறிக்கு எதற்கு என்று நினைத்தீர்?"

"உள்ள கழுவப் போறீங்கன்னு நெனச்சேன் சார்."

சவர்க்காரம் கலந்த நீர் கொதிகலனில் கொதித்தால் நீராவிக்கு முன்னதாக நுரை கிளம்பி, உருளைகளுக்குள் புகுந்துவிடுமாம். பொறி நடைமேடையைத் தாண்டி, சாலைக் கடவின் நட்டநடுவே நின்றுவிட்டது. நெருப்பைத் தட்டி அணைத்தார்கள். கடவின் இருபுறமும் பேருந்துகள் ஒலியெழுப்பின. ஓட்டுநர் கைப்பிடியை விட்டு ஒதுங்கி நின்றார். மாமனார் அதன்மேல் கையை வைத்தார், இழுக்கவில்லை, இழுக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு மெல்ல இறங்கி, மீசையில் நுரையோடு, என்னைக் கடந்து நடந்து போனார்.

வந்த டீசல் வண்டியே பொறியை இழுத்துக்கொண்டு திரும்பியது. அதைக் கழுவித் துடைத்து நல்ல நீர் ஊற்றிப் பலமுறை கொதிக்க வைத்தும், நெடுநாள் வரை குமிழி விட்டுக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அம்மையாரின் தீர்ப்பை அன்றே, அந்தக் கடவிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"பாதை மிகவும் பொருத்தமானது" என்றார் அவர், குடையை உதறியபடி. "ஊர்தான் கொஞ்சம் சுத்தம் அதிகம்."

பாதை கைவிட்டுப் போயிற்று. மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்ந்திருக்கையிலும், "மங்க, உங்க வூட்டுக்காரர அந்த பேப்பர இப்டி தர சொல்லு" என்பார். நான் தருவேன். "வெச்சிட்டு போவ சொல்லு" என்பார்.

ஓராண்டுக்குப் பின் அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. பொறி வேறொரு மாவட்டத்துப் பாதையில் ஓடவிருந்தது. அந்தப் பாதையின் ஓட்டுநர்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் கடவின் நடுவே கைப்பிடியைத் தொட்டபடி நின்ற பெரியவரைத் தாம் மறக்கவில்லை என்றும், அவர் வரலாம் என்றும் சொன்னார். கூடவே, "நீங்களும் வரலாம். கடைசிப் பெட்டியில்" என்றார்.

கடைசிப் பெட்டியிலேயே அமர்ந்தேன். வண்டி புறப்பட்டுச் சிறிது தொலைவில், ஊதல் தொண்டை கமறாமல் நெடிதாக ஒலித்தது. இழுத்த கை எவருடையது என்பதை அந்த நீளத்திலிருந்தே அறிந்தேன். அது நிற்கவே இல்லை. அடுத்தடுத்த சிற்றூர்களில் மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

ஒரு நிலையத்தில் நீர் எடுக்க நின்றோம். கால் நீட்டி நடக்கலாம் என்று இறங்கி, பொறியை நோக்கி நான்கடி வைத்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். நீர்க்குழாயைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். பொறியின் பக்கவாட்டில் ஒரு நீலச் சட்டை வெளியே சாய்ந்தது. முகமெல்லாம் கரி, பற்கள் மட்டும் வெண்மை. ஓராண்டுக்குப் பிறகு மாமனார் என்னோடு நேரடியாகப் பேசினார்.

"மாப்ள! அங்கயே நில்லு!"

அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாக்கியம் மறையவில்லை. எங்கள் வீட்டு மின்சேமக் கலத்துக்கு (மங்கையின் மொழியில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு) தண்ணீர் ஊற்ற ஆள் வரும்போதெல்லாம், என்ன நீர் கொண்டுவந்திருக்கிறார் என்று அறிய நான் நாற்காலியை விட்டு எழுவேன். மங்கை அடுப்படியிலிருந்தே, திரும்பிப் பாராமல் சொல்வாள்:

"அங்கயே நில்லுங்க."