ஒரெட்டு அண்ணன் வண்டியில் ஏறியவர்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரெட்டு அண்ணன் கை நனைக்காத விசேஷம் என்று ஒன்று இருந்தால், ஒன்று அந்த மண்டபத்துக்கு ரோடு இல்லை, அல்லது அந்தக் கல்யாணமே நின்றுபோய்விட்டது என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க வாய்ப்பே இல்லை.

அண்ணனுக்குத் தொழில் கார் ஓட்டுவது. சொந்த வண்டி. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஆனால் திருநகரில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. "இந்தா, ஒரெட்டு தலையக் காட்டிட்டு வந்துருவோம்" என்று அவர் சொல்லாமல் எந்தச் சவாரியும் முடிந்ததில்லை என்பதால் ஒரெட்டு ஆகிவிட்டார். அந்த ஒரு எட்டில் பந்தி, பாயசம், வெற்றிலை பாக்கு, வீடியோவுக்கு ஒரு கையாட்டு எல்லாம் அடக்கம்.

வண்டியின் பின்சீட்டு ஜன்னலோரம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் ஹேங்கரில் தொங்கும். பின்னால் உட்கார்ந்தவர்கள் மதுரையை அந்தச் சட்டைக் கை வழியாகத்தான் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சாமி படம் இருக்கிற இடத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருக்கும். டிக்கியில் வேட்டி, சீப்பு, செண்ட் பாட்டில். வண்டியை நிறுத்தும்போது டிரைவராக இறங்குவார், கதவைச் சாத்தும்போது பெரிய மனிதராக நிற்பார்.

வழி சொல்வதும் விசேஷக் கணக்கில்தான். "நம்ம ராசு மக கல்யாணம் நடந்துச்சே, அந்த மண்டபத்தத் தாண்டி, பால்காரர் பேரனுக்குக் காது குத்துன கோயில்கிட்ட லெப்ட்டு." போனில் வழி சொல்லும் பெண்மணி ரைட்டில் திரும்பச் சொன்னால் கேட்கமாட்டார். "அதுக்கு என்னா தெரியும்? அது எந்த விசேஷத்துக்கும் வந்ததில்ல" என்பார்.

அழகர்கோயில் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வழியில் ஒரு காதுகுத்தில் மாட்டிக்கொண்ட கதையை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தாய்மாமன் வந்த பஸ் பஞ்சர். நல்ல நேரம் முடியப் போகிறது. பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது என்று வீடே பதறியபோது, அண்ணன் அந்த மனிதரைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்துவிட்டார். ஊசியைப் பார்த்ததும் பிள்ளையை விடப் பெரிதாக அலறியது அவர்தானாம். இப்போதும் அந்தக் குடும்பத்தில் அவரை வெள்ளைக்கார மாமா என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் அடுத்தவர் கதையாக இருந்தவரை நானும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கல்யாணமே அவர் வண்டியில் ஏறிய அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

அப்போது நான் கப்பலூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜை சரவணன். மெட்ராஸ்காரன். மேஜைகள் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகுமோ அது ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவழியாகச் சரி என்றார்கள். அவன் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். யார் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகியவர். மகன் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார், அதற்கும் நிபந்தனை போட்டார்.

"காலைல வருவோம், ஊரைப் பார்ப்போம், பொண்ணு துணைக்கு வரட்டும். ராத்திரி ரயிலேறிடுவோம். பொண்ணு வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன். அங்க கை நனைக்கமாட்டேன்."

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம் அல்லவா, அதனால் இந்த ஜாக்கிரதை. ஊருக்குப் போய் போனில் இல்லை என்று சொல்வதுதான் அவர் திட்டம் என்று சரவணன் என்னிடம் முந்தின நாளே சொல்லிவிட்டான். அந்த ஒரு நாளுக்குள் அவர் மனசு மாறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கார் பேசியது சரவணன். நேரக் கணக்கு கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரம் கிளம்பலாம் என்று ஒருநாள் முழுக்கப் பேசியிருந்தான். "அதுதான தம்பி எனக்கும் வேணும்" என்று மறுமுனையில் ஒரு குரல் சந்தோஷப்பட்டதாம். யார் என்று என்னிடம் அவன் சொல்லவில்லை. காலையில் ஜங்ஷன் வாசலில் கார் ஜன்னலில் வெள்ளைச் சட்டைக் கை ஆடுவதைப் பார்த்ததும்தான் அது யார் என்று எனக்குப் புரிந்தது. அது ஆவணி மாதம், அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம் வேறு.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் வேணாம்ணே. என் வாழ்க்கைப் பிரச்சன" என்று ஓரமாக இழுத்துச் சொன்னேன்.

"என்னா பாப்பா இப்புடிச் சொல்லிட்ட? உன் வாழ்க்கைய விடவா எனக்கு விசேஷம் முக்கியம்? நீ பேசாம ஏறு" என்றார். என்னைச் சமாதானப்படுத்திய அதே கையால் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் சரவணனின் அப்பா, கையில் டைப் அடித்த ஒரு தாள். முதலில் கீழக்குயில்குடி சமணர் மலை, அப்புறம் யானைமலை, அப்புறம் மேலூர் பக்கம் போய் அழகர்கோயில், சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயில். பின்னால் அவன் அம்மா, நான், சரவணன், சட்டை.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி வேறு சந்தில் திரும்பியது.

"டிரைவர், மலை அந்தப் பக்கம் இருக்கு" என்றார் அவர்.

"மலை எங்க சார் போகப்போகுது? ரெண்டாயிரம் வருசமா அங்ஙனயேதான கெடக்கு. இங்ஙன நம்ம பய வீட்டுக்குப் பால் காய்ச்சுறாக. பந்தி முடிஞ்சிரும். ஒரெட்டு தலையக் காட்டிட்டு வந்துருவோம்."

புது வீட்டு வாசலில் அண்ணன் எங்களை வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தினார். "இவுக நம்ம பாப்பாவுக்கு மாமனாரு. இவுக மாமியா. மெட்ராஸ்லருந்து வந்துருக்காக."

எனக்கு அந்தப் புதுத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சரவணனின் அப்பா முகம் இறுகிவிட்டது. "அதெல்லாம் இன்னும் முடிவு பண்ணலை" என்றார் கறாராக.

வீட்டுக்காரர் அசரவே இல்லை. "அதுக்கென்னங்கய்யா, கேசரி சாப்ட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று இலையைப் போட்டார்.

மலையைக் காரில் இருந்தபடியே பார்த்தோம். அவர் தாளில் அதை அடித்துவிட்டு, மேற்கொண்டு வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்றார். "நிறுத்தவே மாட்டேன் சார்" என்று அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒத்தக்கடையில் நிறுத்தினார்.

அங்கே ஒரு சலூன் திறப்புவிழா. ரிப்பன் வெட்ட வேண்டிய பிரமுகர் வரவில்லை. கண்ணாடி போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, கையில் மடித்த தாளோடு இறங்கியவரைப் பார்த்ததும் கடைக்காரர் ஓடிவந்து மாலையைப் போட்டுவிட்டார். தாளைப் பேச்சு என்று நினைத்திருக்கிறார்கள். "மெட்ராஸ்ல பெரிய ஆபீசரு. நம்ம பாப்பாவுக்கு மாமனாரு" என்று அண்ணன் மைக்கில் அறிவித்தார்.

சரவணனின் அப்பாவுக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அவர்தான் அந்தச் சலூனைத் திறந்து வைத்தார். கூட்டம் கைதட்டியது. நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "முடி இருக்கும்போதே அதைக் கவனிச்சுக்கணும்" என்றார். ஒத்தக்கடையே விசிலடித்தது. வண்டியில் ஏறியதும் மாலையைக் கழற்றிப் பின்னால் கொடுப்பார் என்று கை நீட்டினேன். அவர் கழற்றவில்லை. யானைமலையைப் பார்க்கவும் மறந்துவிட்டார்.

மேலூருக்கு முன்னால் ஒரு தோப்பில் காதுகுத்து, கிடா விருந்து. கொலஸ்ட்ரால் என்று சரவணனின் அப்பாவுக்கு வீட்டில் கறியையே நிறுத்தி வைத்திருந்தார்களாம். "நான் வெறும் ரசம் சாதம்தான்" என்று உட்கார்ந்தார். பரிமாறியவர் காதில் அது விழவில்லை, நல்லி எலும்பாகப் பார்த்து ரெண்டு வைத்துவிட்டார். சரவணனின் அம்மா முறைத்தார். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அப்போது பார்த்து ஒரு பெரியவர் எதிரே வந்து, "நம்ம பாப்பாவுக்கு மாமனாராமே? கல்யாணம் எப்பங்க?" என்று கேட்டார்.

அவர் மறுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வாயில் எலும்பு. உறிஞ்சிக்கொண்டிருக்கிறவர் என்ன பேச முடியும்? "ம்ம்" என்றார்.

"தையிலயா? ரொம்ப நல்லது!" என்று பெரியவர் தோப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

சரவணன் மேஜைக்கு அடியில் என் விரலைப் பிடித்தான்.

அழகர்கோயிலில் நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டதால் நேரே ஊருக்குத் திரும்பினோம். இனிமேல் மீனாட்சி கோயில், அதன்பிறகு ரயில். சரவணனின் அப்பா மறுபடியும் தாளைப் பிரித்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உண்ட மயக்கம் தெளிந்து பழைய சூப்பரின்டெண்டாக மாறுவதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். சரி, அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஊருக்குள் நுழையாமல் ரிங்ரோட்டில் சுற்றிவந்து, எங்கள் திருநகருக்குப் பக்கத்தில் தனக்கன்குளத்தில் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். "சார், கடைசியா ஒன்னே ஒன்னு. துட்டி. எனக்கு ரொம்ப வேண்டிய வீடு. நல்லதெல்லாம் முதல்ல முடிச்சுட்டு இத மட்டும் கடைசில வச்சிருந்தேன். நீங்க வண்டியிலயே இருங்க."

அவர் இருந்தார். சரவணனின் அம்மா இருக்கவில்லை. "சாவு வீட்டு வாசல் வரை வந்துட்டு இறங்காம இருக்கறதா?" என்று இறங்கிப் போய்விட்டார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். சரவணனின் அம்மாவும் அழுதார், இறந்தவர் ஆணா பெண்ணா என்றே தெரியாமல். அழைக்கப் போன நாங்களும் மாட்டிக்கொண்டோம். கடைசியில் மனுஷர் பொறுக்க முடியாமல் இறங்கிவந்து, ஆண்கள் வரிசையில் கை கொடுத்துவிட்டு நின்றார்.

"நல்லா அழுதேன்மா. மாமியார் இருந்தவரைக்கும் அழ நேரமே கிடைக்கல" என்று என் தோளில் சாய்ந்துகொண்டார் அந்த அம்மா. முகம் தெளிந்திருந்தது.

வண்டி கிளம்பியதும் அந்த அம்மாவே சொன்னார். "துட்டிக்குப் போயிட்டுக் குளிக்காம கோயிலுக்கு வரமாட்டேன். ரயில்லயும் ஏறமாட்டேன்."

"லாட்ஜில் ரூம் எடுக்கலாம்" என்றார் சரவணனின் அப்பா.

"முகூர்த்த நாள்ல ரூமா? ஊருல உள்ள அம்புட்டு ரூம்லயும் மாப்ள வீட்டுக்காரவுக இருக்காக சார்" என்றார் அண்ணன். பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியது மாதிரி, "பாப்பா வீடு இந்தா இருக்கு. ஒரெட்டு குளிச்சுட்டு வந்துருவோம்."

"வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"துட்டிக்குப் போயிட்டு யாரு சார் முன்வாசல்ல நுழைவா? பின்பக்கக் குழாயடிக்குத்தான போகப்போறீக?"

சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல அவரால் முடியவில்லை.

சந்து வழியாக வந்து எங்கள் வீட்டுக் குழாயடியில் நின்றார். என் அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒரு கைலியை நீட்டினார். வாங்க என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. நனைத்துப் போட்ட பேண்ட்டும் சட்டையும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. காய்கிறவரை போக வழியில்லை. அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட கைலியில், தலையில் துண்டோடு, அவர் பின்கட்டில் உட்கார்ந்தார். அம்மா தோசை ஊற்றினாள். அவர் தட்டைத் தொடவில்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்ன சார், விருந்தாளியா? யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார்.

"சம்பந்தி" என்றார் கைலிக்காரர். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "காலைலேர்ந்து ஊரே சொல்லுது. நான் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு சொல்லிட்டு எத்தனை பேருக்கு போன் பண்றது?" என்று தோசையைப் பிய்த்து வாயில் போட்டார். அதுவரை அங்கிள் என்று கூப்பிட்ட நான், "மாமா, சட்னி?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்படியில் அழுதேன்.

தெரிந்தேதான் இப்படியெல்லாம் செய்தீர்களா என்று பிறகு அண்ணனிடம் கேட்டேன். "எனக்கென்ன தாயி தெரியும்? பாசஞ்சர்னு சொன்னா பந்தியில உக்கார வைப்பாகளா? அதான் மாமனாருன்னேன்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தோப்பில் அந்தப் பெரியவர் சொன்னபடி தையில்தான் கல்யாணம். அண்ணன் வந்தார். அன்றைக்கு இந்தூரில் இருந்து ராமேஸ்வரம் கிளம்பிய ஒரு குடும்பம் அவரிடம் மாட்டியிருந்தது. அவர்களை எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றும், மாப்பிள்ளை ஆட்களிடம் பெண் வீட்டுச் சொந்தம் என்றும் சொல்லி முடித்துவிட்டார். கழுத்தில் பைகளோடு விழித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்ததும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்று பரிமாறினார்.

அடுத்த மாதம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை ஒரெட்டு அண்ணன் டேஷ்போர்டில் கொண்டுபோய் வைத்தோம். அன்றைக்கு அவர் வண்டியில் எந்த ஊர்க்காரர்கள் ஏறப்போகிறார்களோ தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடச் சொல்லியிருக்கிறார் மாமா.