மூன்று நாள் காட்டுவாசி

என் புருசர் மீராமுகைதீன் ஒரே படத்தை மூன்று தரம் பார்த்துவிட்டுக் காட்டுவாசியானார்.

கல்முனைத் தியேட்டரில் ஓடிய இங்கிலீசுப் படம். ஒரு மனிதனைக் காட்டுக்குள் விட்டு ஏழு பேர் துரத்துகிறார்களாம். அவன் கிழங்கு தோண்டித் தின்று, சேற்றைப் பூசிப் படுத்து, கடைசிவரை பிடிபடவில்லையாம். இதைச் சொல்லும்போதெல்லாம் இவர் பாக்குவெட்டியைக் கத்திபோலப் பிடித்துக்கொள்வார்.

என் கவலை வேறு. மாரி வருகிறது. குசினிக் கூரை உக்கி, சோற்றுப் பானைக்குள் வானம் தெரிகிறது. மேயத் தென்னோலைக் கிடுகு வாங்கி அடுக்கி இரண்டு மாதம். அதன் மேல் கோழி அடைகிடந்து குஞ்சும் பொரித்துவிட்டது. இவர் மட்டும் ஏறவில்லை.

வியாழன் காலை வானம் இருண்டது.

"மச்சான், இண்டைக்காவது கூரைய மேயுங்களன்."

"என்னப் புடிச்சாத்தானே புள்ள ஏத்துவாய்! மூணு நாள் காட்டுல ஒளிச்சிரிக்கப் போறன். கண்டியெண்டா மேயிறன். காணாட்டி, இந்த மாரி முடியுமட்டும் கூரயப் பத்தி வாய் தொறக்கப்படாது."

"நீங்களா? கிணத்தடிக்குப் போகவே லாம்பு கேக்கிற ஆள்!"

"பாப்பம். சனிக்கிழம வெளிக்கிடுறன்."

"ஏன், பயமா? ஆம்பிளயெண்டா இப்பவே போங்க."

போய்விட்டார். ஒரு கத்தி, ஒரு வெற்றிலைப் பை. அவ்வளவுதான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாம்பு கடித்தால்? அவருடைய வாய்வு நெஞ்சில் ஏறினால்?

பக்கத்து வீட்டு றாஹிலா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"தேடப் போகல்லயா ராத்தா?"

"எங்கயெண்டு தேடுற? யானைக்குப் பயந்து காட்டுக்குள்ள போகமாட்டார். வயலுக்குள்ளதான். அங்க ஆள் ஒளிக்க முன்னூறு காவல் வாடி கிடக்கு."

"மறுகா என்ன செய்யப் போறீங்க?"

"மறுகா என்ன, நாளைக்குக் கரத்தைக்குச் சொல்லியிரிக்கன்."

மறுநாள் பகல் வீரமுனைச் சீனித்தம்பியின் மாட்டுக்கரத்தையில் ஏறினேன். வயற்பாதையில் இருப்பது ஒரேயொரு பள்ளிவாசல். அதற்கு எதிரே மருத மரத்தடியில் முக்காட்டை இழுத்துக்கொண்டு இருந்தேன். மடியில் ஒரு கிடுகு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னது. ஒவ்வொருவராக வந்தார்கள். இவரைக் காணவில்லை.

கடைசியாக வரம்பால் ஒரு உருவம் பதுங்கிப் பதுங்கி வந்தது. உடம்பெல்லாம் சேறு. நுளம்பு கடித்து முகம் பலாப்பழம். இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கால்முகம் கழுவ ஓடியது.

"பிடிப்பமா தங்கச்சி?" என்றார் சீனித்தம்பி.

"தொழுதிட்டு வரட்டும் அண்ணன்."

தொழுதுவிட்டு வெளியே வந்தவர் முதலில் கிடுகைக் கண்டார். பிறகு என்னை.

"எப்பிடிப் புள்ள புடிச்ச?"

"படத்துக்காரனுக்கு ஜும்ஆ இல்ல மச்சான். உங்களுக்கு இரிக்கி."

ஏழு பேர் ஓடி ஓடித் துரத்தியும் முடியாத காரியம். நான் இருந்த இடத்திலேயே முடித்தேன்.

பின்னேரத் தொழுகை அஸருக்கு முன் கூரையில் ஏற்றினேன். பொழுதுபட, மஃரிபுக்குள் என் பானைக்குள்ளிருந்த வானம் மறைந்தது. இறங்க முன்னம் மேலேயிருந்து ஒரு குரல்:

"நான் சனிக்கிழம எண்டுதானே சொன்னன்?"

"ஓம் மச்சான். அதாலதான் வியாழக்கிழமையே வெரட்டினன்."